கொள்ளைநோய் எப்படி ஏறுகிறது, எப்படி அடங்குகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொற்றுநோய்க் கணக்கைப் பற்றி எங்கே பேசினாலும், கடைசியில் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. செவிலியர் கேட்பதும் கணக்கு ஆசிரியர் கேட்பதும் கடைக்காரர் கேட்பதும் அதேதான். அவற்றை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

1. நோய் பரவறதுக்கும் கணக்குக்கும் என்னங்க சம்பந்தம்? கிருமி என்ன பார்முலா பார்த்தா பரவுது?

உங்களுக்கு நோய் வருமா, பக்கத்து வீட்டுக்காரருக்கு வருமா என்று எந்தக் கணக்கும் சொல்லாது. ஊர் அளவில் எடுத்துக்கொண்டால் விஷயம் வேறு. ஒரு புதிய தொற்று உண்டாக வேண்டுமானால் இரண்டு பேர் சந்திக்க வேண்டும்: ஒருவர் கிருமியைச் சுமப்பவர், இன்னொருவர் அது இன்னும் வராதவர். முதல் வகையினர் பெருகப் பெருக, இரண்டாம் வகையினர் குறைந்துகொண்டே போவார்கள். நோய் ஏறுவதும் இறங்குவதும் இந்த இரண்டு எண்ணிக்கைகளைப் பொறுத்தது. எண்ணிக்கை என்று வந்துவிட்டால் கணக்குப் போடலாம்.

2. எஸ், ஐ, ஆர்னு மூணு எழுத்து போடறாங்களே, அது என்ன?

மக்களை மூன்று கூட்டமாகப் பிரிப்பது. எஸ் என்பது நோய் இன்னும் வராத, வரக்கூடியவர்கள். ஐ என்பது இப்போது நோயைச் சுமந்து பிறருக்குத் தரக்கூடியவர்கள். ஆர் என்பது குணமாகியோ இறந்தோ ஆட்டத்திலிருந்து விலகியவர்கள். எஸ்ஸில் இருந்து ஐக்கு, ஐயில் இருந்து ஆருக்கு என்று ஆட்கள் நகர்கிறார்கள். எவ்வளவு வேகமாக நகர்கிறார்கள் என்பதுதான் சமன்பாடு.

கிருமி உடலுக்குள் போய்ச் சில நாள் சும்மா இருக்கும் நோய்களுக்கு நடுவில் இன்னொரு கூட்டம் சேர்ப்பார்கள். வயது வாரியாகவும் ஊர் வாரியாகவும் பிரிப்பார்கள். பெரிய மாடல்களில் நூற்றுக்கணக்கான கூட்டங்கள்கூட இருக்கும். எலும்புக்கூடு மட்டும் இதே மூன்று எழுத்துதான்.

3. ஆர்-நாட் 2ன்னா ஒவ்வொருத்தரும் ரெண்டு பேருக்குத் தர்றார்னு அர்த்தமா?

சராசரியாக, அதுவும் யாருக்குமே நோய் எதிர்ப்பு இல்லாத ஊரில், நோயின் தொடக்கத்தில் மட்டும். இந்த மூன்று நிபந்தனைகளையும் விட்டுவிட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. ஆர்-நாட் கிருமியின் குணம் மட்டுமல்ல. ஒருவர் எத்தனை நாள் தொற்றைத் தருகிறார், ஒரு நாளில் எத்தனை பேரோடு நெருங்கிப் பழகுகிறார், ஒரு சந்திப்பில் தொற்ற எவ்வளவு வாய்ப்பு என்ற மூன்றையும் பெருக்கினால் வருவது அது. அதே கிருமிக்கு நெரிசலான நகரத்தில் ஓர் எண்ணும் வயல்வெளிக் கிராமத்தில் வேறோர் எண்ணும் இருக்கும். தட்டம்மைக்கு 12 முதல் 18 வரை என்று வழக்கமாகச் சொல்வார்கள்.

நோய் பரவிக்கொண்டிருக்கும்போது, இன்றைய தேதியில் ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குத் தருகிறார் என்பது வேறு எண். அதை வெறும் ஆர் என்கிறார்கள். இரண்டாவது கேள்வியில் வந்த ஆர் கூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எழுத்து மட்டும்தான் ஒன்று. இனிமேல் ஆர் என்று நான் எழுதினால் இந்த எண்ணையே சொல்கிறேன்.

4. முதல்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துட்டு திடீர்னு ஏன் ஏறுது?

திடீரென்று ஏறுவதில்லை. முதல் நாளிலிருந்தே ஒரே விகிதத்தில்தான் பெருகுகிறது. நம் கண்ணுக்குப் பிந்தித் தெரிகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று 100 பேர். முப்பது நாளில் பத்து முறை இரட்டித்து 1,02,400 ஆகிவிடும். அதில் பாதிப் பேர் கடைசி மூன்று நாளில் சேர்ந்தவர்கள். அதனால்தான் நேற்றுவரை அமைதியாக இருந்த மருத்துவமனை இன்று நிரம்பி வழிகிறது.

ஒன்பது நாள் தாமதமாக நடவடிக்கை எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது: எட்டு மடங்கு ஆகிவிடும்.

5. எல்லாருக்கும் வந்து முடிஞ்சாதானே நோய் நிக்கும்?

இல்லை. நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இதற்கு வாயால் பதில் சொல்வதைவிடக் கணக்கைப் போட்டே காட்டுவது நல்லது. ஆயிரம் பேர் உள்ள ஓர் ஊர். யாருக்கும் எதிர்ப்பு இல்லை. ஆர்-நாட் 2. ஒருவர் ஒரு வாரம் நோயைச் சுமந்து, அடுத்த வாரம் குணமாகிவிடுகிறார். முதலில் 10 பேருக்கு நோய், 990 பேர் மிச்சம். இந்தப் பத்துப் பேரும் ஆளுக்கு இரண்டு பேரைத் தொட்டால் 20. ஆனால் தொடப்பட்டவர்களில் ஆயிரத்துக்குப் பத்துப் பேர் ஏற்கெனவே நோய் வந்தவர்கள். ஆகவே 20 × 0.99, அதாவது கிட்டத்தட்ட 20 புதிய நோயாளிகள். மிச்சம் 970.

இப்படியே வாரா வாரம் போட்டால் புதிய நோயாளிகள் 38, 72, 123, 182, 202 என்று ஏறுகிறார்கள். அப்புறம் 143, 60, 18, 5, 1 என்று விழுகிறார்கள். 202 வந்த வாரத்துக்கு முன்பு ஊரில் 555 பேர் மிச்சம் இருந்தார்கள். ஒருவர் தொட்ட இரண்டு பேரில் சராசரியாக 1.11 பேருக்கு நோய் பிடித்தது. அந்த வாரம் முடிந்ததும் மிச்சம் 354. இப்போது 0.71 பேருக்குத்தான் பிடிக்கிறது. கிருமி வலுவிழக்கவில்லை, மக்கள் பழகுவதையும் நிறுத்தவில்லை. தொடப்படுபவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே நோயைக் கண்டவர்கள், அவ்வளவுதான். ஒருவரின் இடத்தை நிரப்ப இன்னொருவர் கிடைக்காமல் நோய் அற்றுப்போகிறது.

எல்லாம் முடிந்தபின் 126 பேர் நோயே வராமல் நிற்கிறார்கள். வாரக் கணக்காக அல்லாமல் நொடிக்கு நொடி மாறும் சமன்பாட்டில் போட்டால் தப்புபவர்கள் சுமார் 200 பேர். ஆர்-நாட் 1.5 ஆக இருந்தால் பத்தில் நான்கு பேர் தப்புவார்கள். அவர்கள் உடம்பில் தனிச் சக்தி எதுவும் இல்லை. கடைசியில் நோயாளிகள் தீர்ந்ததால் தப்பியவர்கள். கொள்ளைநோய் முடிவதற்குக் காரணம் நோயாளிகள் தீர்வது. நோய் வரக்கூடியவர்கள் தீர்வது அல்ல.

6. அப்போ பாதிப் பேருக்கு வந்தா போதும்னு சொல்றாங்களே, சமூக எதிர்ப்புன்னு. உங்க கணக்குல 874 பேருக்கு வந்திருக்கே?

நல்ல கேள்வி, பலர் கோட்டைவிடும் இடம் இது. சமூக எதிர்ப்புக்கான எல்லை, அதாவது ஊரில் எவ்வளவு பங்குப் பேருக்கு எதிர்ப்பு வேண்டும் என்பது, 1இலிருந்து ஆர்-நாட்டின் தலைகீழைக் (1 ÷ ஆர்-நாட்) கழித்தால் வருவது. ஆர்-நாட் 2க்குப் பாதி, தட்டம்மைக்கு 92 முதல் 94 விழுக்காடு. அந்த எல்லையைத் தொட்டதும் நோய் இறங்கத் தொடங்கும், அவ்வளவுதான். நின்றுவிடாது. நம் ஊரில் எல்லையைத் தாண்டியபோது ஒரே வாரத்தில் 200 நோயாளிகள் இருந்தார்கள். அவர்கள் இறங்குமுகத்திலும் நூற்றுக்கணக்கான பேருக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

தடுப்பூசியின் அருமை இங்கேதான் தெரியும். நோய் வருவதற்கு முன்பே 500 பேருக்கு எதிர்ப்பைக் கொடுத்துவிட்டால், மிச்சம் 500 பேரில் சுமார் 400 பேர் தப்புவார்கள். நோயையே ஓடவிட்டு அதே எல்லையை அடைந்தால் 374 பேர் கூடுதலாகப் படுக்கிறார்கள். ‘எப்படியும் வரப்போகிறது, வந்துபோகட்டும்’ என்பவர்கள் இந்த 374 பேரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

7. இதெல்லாம் யார் கண்டுபிடிச்சது?

வேர் இந்தியாவில் இருக்கிறது. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்வதை 1897இல் செகந்திராபாத்தில் கண்டவர் ரொனால்டு ராஸ். கொசுவை ஒழித்தால் மலேரியா போகும் என்றபோது, ஒரு கொசுவைக்கூட விடாமல் எப்படிக் கொல்வது என்று எதிர்த்தார்கள். எல்லாவற்றையும் கொல்ல வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக அற்றுப்போகும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆறாவது கேள்வியில் பார்த்த எல்லைக்கு அது மூத்த அண்ணன்.

ராஸோடு 1901இல் சியரா லியோனுக்கு மலேரியா ஒழிப்புப் பணிக்குப் போனவர் ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தவர். உடல்நலம் கெட்டு எடின்பரோவுக்குத் திரும்பியபின், அங்கே வில்லியம் கெர்மாக் என்ற இளம் வேதியியலாளரோடு சேர்ந்தார். கெர்மாக் 1924இல் ஆய்வக வெடிவிபத்தில் பார்வையை முழுதும் இழந்தவர். சமன்பாடுகளை மனத்திலேயே வைத்து வேலை செய்தார். இருவரும் 1927இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் எஸ்-ஐ-ஆர் வருகிறது.

8. அந்தக் கணக்கு நிஜ நோயோட பொருந்துச்சா?

அழகாகப் பொருந்தியது, அதில்தான் பாடமும் இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது பம்பாயில் 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பிளேக்கில் வாரா வாரம் இறந்தவர்களின் எண்ணிக்கை. ஏறி, ஒரு வாரத்துக்கு 900 பேரை நெருங்கி, இறங்குகிறது. அவர்களுடைய வளைகோடு புள்ளிகளின் மேல் ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்தது.

ஆனால் பிளேக் முதன்மையாக எலியின் நோய், தெள்ளுப்பூச்சி மூலம் மனிதருக்கு வருவது. பம்பாயில் அது ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே மாதங்களில் ஏறி, வெயில் முற்றியதும் இறங்கியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவி, ஆள் கிடைக்காமல் இறங்கியிருந்தால், நகரத்தின் பெரும்பகுதிக்கு நோய் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் எலியையும் பருவத்தையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டு இதை எடுத்துக்காட்டினார்கள். எலி இப்படி நடுவில் இருப்பதும் அதைத் தாங்கள் சேர்க்காததும் கெர்மாக்குக்கும் மெக்கென்ட்ரிக்குக்கும் தெரியும். கோடு பொருந்திவிட்டால் காரணம் பிடிபட்டுவிட்டது என்று நினைக்கக்கூடாது. யாராவது ஒரு வளைகோட்டைக் காட்டி ‘பார்த்தீர்களா, பொருந்துகிறது’ என்றால் எனக்குப் பம்பாய்தான் நினைவுக்கு வரும்.

9. அப்போ எஸ்-ஐ-ஆர் எங்கதான் சரியா வேலை செய்யுது?

எல்லோரும் எல்லோரோடும் கலந்து பழகும் மூடிய இடத்தில். பாடப்புத்தகங்களில் வரும் எடுத்துக்காட்டு, 1978இல் வட இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளி. 763 பையன்கள். ஜனவரி விடுமுறை முடிந்து ஹாங்காங்கிலிருந்து வந்த ஒரு பையனுக்குக் காய்ச்சல். படுக்கையில் கிடந்தவர்கள் முதலில் மூன்று பேர், மறுநாள் எட்டு, ஆறாம் நாள் சுமார் 300, இரண்டு வாரத்தில் ஏறக்குறைய யாருமில்லை. மொத்தம் 512 பேர் படுத்து எழுந்தார்கள்.

எஸ்-ஐ-ஆர் கேட்கும் நிபந்தனைகள் எல்லாம் அங்கே இருந்தன. ஒரே கூரை, ஒரே சாப்பாட்டுக் கூடம். அப்போது வந்த எச்1என்1 வகை ஃப்ளூ இருபது ஆண்டுகளாக உலகத்தில் சுற்றாததால், அந்த வயதுப் பையன்களுக்கு அதை எதிர்க்கும் பழக்கமே இல்லை. படுக்காத 251 பேரில் லேசாக வந்துபோனவர்களும் இருந்திருக்கலாம். படுக்கையை வைத்துத்தான் எண்ணினார்கள்.

10. ஊரடங்கு போட்டா நோய் போகுமா, இல்ல தள்ளித்தான் போகுமா?

எப்போது போடுகிறோம், எதற்காகப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஐந்தாவது கேள்வியின் ஊரையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே நான்கு வாரம் அடைத்து, பரவலை 2இலிருந்து 0.8க்கு இறக்குகிறோம். நோயாளிகள் 10இலிருந்து 4 ஆகிறார்கள். திறந்ததும், ஊரில் கிட்டத்தட்ட எல்லோரும் இன்னும் எஸ்ஸிலேயே இருப்பதால், அலை ஏறக்குறைய அதே உயரத்துக்கு (ஒரு வாரத்தில் 174 பேர் வரை) எழுகிறது, பிந்தி. சும்மா தள்ளிப்போட்டதுதான். ஆனால் அந்த இடைவெளியில் படுக்கைகளும் ஆக்சிஜனும் தடுப்பூசியும் தயாரானால் தள்ளிப்போட்டதே பல உயிர். தயாராகாவிட்டால் வீண்.

அதே நான்கு வாரத்தை, 123 நோயாளிகள் வந்த வாரத்துக்கு அடுத்துப் போட்டுப் பாருங்கள். 73, 39, 19, 9 என்று இறங்குகிறது. திறந்தபின் மெல்ல 19 வரை ஏறி அடங்கிவிடுகிறது. 126 பேருக்குப் பதிலாக ஏறத்தாழ 370 பேர் தப்புகிறார்கள். ஆறாவது பதிலில் சொன்ன எல்லைதாண்டல் குறைந்துவிட்டது. அதற்காகக் காத்திருந்து அடைக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிஜத்தில் நாம் எந்த வாரத்தில் இருக்கிறோம் என்பது அந்த வாரத்தில் தெரியாது.

1918 ஃப்ளூவில் இதன் நிஜ வடிவம் இருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் செப்டம்பர் 28இல் பெரிய ஊர்வலம் நடத்தியது. இன்னொரு அமெரிக்க நகரமான செயின்ட் லூயிஸ், நோய் தலைகாட்டிய சில நாளிலேயே பள்ளி, தியேட்டர், தேவாலயங்களை மூடியது. பிலடெல்பியாவின் உச்சகட்டச் சாவு விகிதம் செயின்ட் லூயிஸைப்போலப் பல மடங்கு. தடைகளைத் தளர்த்தியதும் செயின்ட் லூயிஸிலும் மறுபடி ஏறத்தான் செய்தது.

11. எங்க வீட்ல ஒருத்தருக்கு வந்தும் மத்த நாலு பேருக்கும் வரலை. ஆனா ஒரு சந்தையில இருந்து அத்தனை ஊருக்குப் போச்சே?

ஆர்-நாட் சராசரி என்று சொன்னேன் அல்லவா? சராசரிக்குப் பின்னால் பெரிய ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கும். 2003இல் சிங்கப்பூரின் முதல் 201 சார்ஸ் (கடும் சுவாசத் தொற்று) நோயாளிகளில் ஐந்தே பேரிடமிருந்து 103 பேருக்குத் தொற்றியது. பத்தில் எட்டு பேர் யாருக்குமே கொடுத்ததாகத் தெரியவில்லை. இப்படிப்பட்ட நோய் ஓர் ஊருக்குள் வந்தாலும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். பற்றிக்கொண்டால் வெடிக்கும்.

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று கொரோனா போனதும் இதே வகை. ‘எல்லோரும் சமமாகக் கலந்து பழகுகிறார்கள்’ என்ற எஸ்-ஐ-ஆர் அனுமானம் மொத்த விற்பனைச் சந்தைக்கு முன் நிற்காது. லாரி எங்கே போகிறது என்பது மாடலுக்குள் இருக்க வேண்டும்.

12. எபோலாவுக்கு 14 லட்சம் பேர்னு பயமுறுத்தினாங்க, வந்தது 28 ஆயிரம். அப்போ மாடல் பொய்தானே?

2014 செப்டம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னதை முழுதாகப் படிக்க வேண்டும். லைபீரியாவிலும் சியரா லியோனிலும் கூடுதலாக எதுவும் செய்யாமல், மக்களும் நடத்தையை மாற்றாமல் இருந்தால், பதிவாகாதவர்களையும் சேர்த்து 2015 ஜனவரிக்குள் 14 லட்சம் வரை போகலாம் என்றது அது. அதே அறிக்கை, நோயாளிகளில் 70 விழுக்காட்டினரைத் தனிமைப்படுத்திச் சிகிச்சை கொடுத்து, சடலங்களைப் பாதுகாப்பாக அடக்கம் செய்தால் நோய் அடங்கும் என்றும் சொன்னது. உலகம் ஓடிவந்தது. மக்களும் அடக்க முறைகளை மாற்றிக்கொண்டார்கள். கினியாவையும் சேர்த்து மூன்று நாடுகளில் 28,600க்கு மேல் நோயாளிகள், 11,300க்கு மேல் சாவு என்று முடிந்தது. ‘இப்படியே விட்டால்’ என்ற கணக்கு பலிக்காமல் போனதே அதைக் கேட்டு நடந்ததன் பலன்.

அதற்காக மாடல்கள் தவறுவதே இல்லை என்று சொல்லமாட்டேன். 2020 அக்டோபரில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த நிபுணர் குழு, உச்சம் கடந்துவிட்டது, 2021 பிப்ரவரிக்குள் கொரோனா மிகவும் குறைந்துவிடும் என்றது. பிப்ரவரி அமைதியாகத்தான் இருந்தது. மே மாதம் ஒரு நாளில் பதிவான புதிய நோயாளிகள் நான்கு லட்சத்தைத் தாண்டினார்கள். டெல்டா என்ற புதிய வகை வந்து ஆர்-நாட்டையே மாற்றிவிட்டது; மக்கள் பழகும் விதமும் மாறியது. சில வாரத்துக்கு மேல் நீளும் எந்தக் கணிப்பையும் ‘மற்றதெல்லாம் இப்படியே இருந்தால்’ என்று சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆட்சியில் இருப்பவர்கள் அந்த ஒட்டுவரியை விட்டுவிட்டுப் படித்தால் விலை கொடுப்பது மக்கள்.

13. ஆர் 1க்குக் கீழ வந்துடுச்சுன்னு சொல்றாங்க, தினமும் ஆயிரக்கணக்குல வருதே?

எவ்வளவு கீழே என்று கேளுங்கள். ஆர் 0.9, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக ஐந்து நாள் என்றால், எண்ணிக்கை பாதியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இன்றைக்கு இருக்கும் ஒவ்வொரு 10,000 நோயாளிக்கும் இனி இன்னும் 90,000 பேர் வரவேண்டியிருக்கிறது. ஆர் 0.5 என்றால் அந்த 90,000 வெறும் 10,000 ஆகிவிடும். 1க்குக் கீழே வந்ததும் தளர்த்திவிடுவது ஏன் ஆபத்து என்பதை இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

14. ஒருதடவ வந்தா ஆயுசுக்கும் வராத தட்டம்மை ஏன் திரும்பத் திரும்ப ஊருக்கு வருது?

குழந்தைகள் பிறப்பதால். அலை ஓய்ந்ததும் எஸ் கூட்டம் மிகவும் குறைந்திருக்கும். ஆண்டுக்கு ஆண்டு புதிதாகப் பிறந்தவர்கள் அதை நிரப்புவார்கள். எல்லையைத் தாண்டியதும் அடுத்த அலை. தடுப்பூசிக்கு முந்தைய இங்கிலாந்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தட்டம்மை அடித்தது இப்படித்தான்.

ஊர் சிறியதாக இருந்தால் அலைக்கு நடுவில் நோயே அற்றுப்போகும். தட்டம்மை ஓரிடத்தில் விடாமல் நிலைத்திருக்கச் சுமார் இரண்டரை முதல் மூன்று லட்சம் மக்கள் வேண்டும் என்று புள்ளியியலாளர் மாரிஸ் பார்ட்லெட் கணித்தார். வடக்கு அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் 1781க்குப் பிறகு தட்டம்மையே இல்லை. 1846இல் கப்பலில் வந்திறங்கியது. 7,782 பேரில் ஏறத்தாழ 6,000 பேர் படுத்தார்கள். 65 ஆண்டுக்கு முன் வந்துபோன கிழவர்களுக்கு மட்டும் வரவே இல்லை என்று அங்கே போன டேனிஷ் மருத்துவர் பானும் பதிந்தார். அவரிடம் சமன்பாடு கிடையாது; வீடு வீடாக விசாரித்து எழுதிய குறிப்புகள் மட்டும்தான்.

15. பெரியம்மை போச்சு. எல்லா நோயையும் அப்படி ஒழிக்கலாமா?

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: ஆர்-நாட் எவ்வளவு, நோயாளி எப்போது தொற்றைத் தரத் தொடங்குகிறார். பெரியம்மை கொப்புளம் வந்தபின்தான் நன்றாகப் பரவும், பார்த்தாலே தெரியும். நோயாளியைக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு ஊசி போட்டே வளைத்துவிட்டார்கள். 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒழிந்ததாக அறிவித்தது. சார்ஸும் அப்படியே: உடம்பு மிக மோசமானபின்தான் அதிகம் பரவியது. தடுப்பூசியே இல்லாமல், தனிமைப்படுத்தியே 2003 ஜூலையில் அடக்கினார்கள்.

கொரோனாவில் அறிகுறி தெரியும் முன்பே ஒருவர் கொடுத்துவிடுகிறார். காய்ச்சல் பார்த்துப் பிடிப்பதற்குள் அடுத்த சங்கிலி கிளம்பிவிடும். இன்ஃப்ளூயன்சாவோ பறவையிலும் பன்றியிலும் குடியிருக்கிறது. இவற்றை அந்த வழியில் ஒழிக்க முடியாது.

16. நானே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாமா?

தாராளமாக. எக்ஸெல்லில் இரண்டு பத்தி போதும். ஒன்று மிச்சம் இருப்பவர்கள், இன்னொன்று நோயாளிகள். முதல் வரியில் 990, 10. அடுத்த வரியில் நோயாளிகள் = முந்தைய நோயாளிகள் × 2 × முந்தைய மிச்சம் ÷ 1000. மிச்சம் = முந்தைய மிச்சம் − புதிய நோயாளிகள். கீழே பதினைந்து வரி இழுத்துவிடுங்கள், ஐந்தாவது பதிலின் எண்கள் வந்துவிடும். முழு எண்ணாக மாற்றாமல் தசமத்தோடே விடுங்கள்.

அப்புறம் 2ஐ 1.5 ஆக்குங்கள், 3 ஆக்குங்கள். 3 ஆக்கும்போதே மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்; வாரக் கணக்கின் முரட்டுத்தனம் அது, இடைவெளியை நாளாகக் குறைத்தால் சரியாகும். தொடக்கத்தில் 990க்குப் பதில் 490 போட்டு, 500 பேருக்கு ஊசி போட்டாகிவிட்டது என்று வையுங்கள். எந்த வாரத்திலும் நோயாளிகள் பத்தைத் தாண்டவே மாட்டார்கள். நடுவில் எந்த நான்கு வரியில் 0.8 போட்டால் அதிகம் பேர் தப்புகிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.